யார் குரல், சொல்லுங்க மேடம்

அட, பண்றேன் மேடம். மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்? ஜெராக்ஸ் எடுக்கப் போன வாட்ச்மேன் இன்னும் வரல. அப்பா பேனா மூடியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். மூணு பேரும் அந்தத் தொட்டியில இருக்கிற ரெண்டு மீனையே எவ்வளவு நேரம்தான் பார்க்குறது? அதுங்களுக்கே கூச்சமா இருக்கும்.

சிரிப்புக்கு நான் கியாரண்டி. வயித்தைப் புடிச்சுக்குவீங்க. ஆனா உடனே வராது, இப்பவே சொல்லிடறேன். அடுப்புல வச்ச பால் மாதிரி. முறைச்சுப் பார்த்துக்கிட்டு நின்னா சாதுவா இருக்கும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பணும்.

நான் மிமிக்ரி பண்ணுவேன்னு யார் சொன்னது, அப்பாவா? நல்லா இருக்குப்பா. வீட்டுல வாயைத் திறந்தா மூடுங்கிறீங்க, வெளியில வந்தா பெருமையா?

இல்ல மேடம், எனக்குப் பதட்டம் ஒண்ணும் இல்ல. பதினாறு வயசுப் பொண்ணு இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்னு பார்க்குறீங்களா? காலை மடக்கி ரொம்ப நேரம் உக்காந்தா மரத்துப் போகும்ல, கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி இருக்கு. அவ்வளவுதான். வலி இல்ல. நீங்க படிச்சுக் காட்டினதெல்லாம் புரிஞ்சுது. அப்பா இதுல கையெழுத்துப் போட்டா எங்க அண்ணனைத் தனியா ஒரு ரூம்ல வைப்பீங்க. வெளிப்பக்கம் தாழ்ப்பாள். அவன் சாப்பிட மாட்டேங்கிறான், கிட்டப் போனா தலையைச் சுவத்துல மோதுறான், அவன் நல்லதுக்குத்தான். இதுவரைக்கும் இந்த ஹோம்ல யாரையும் பூட்டி வச்சதில்ல, இதுதான் முதல் தடவை, அதனாலதான் முறையா சம்மதம் கேக்குறீங்க. கையெழுத்துப் போடலைன்னா இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடணும். சரியா ஒப்பிச்சேனா? பாருங்க, ஒரு தடவை கேட்டா போதும் எனக்கு.

போட்டுடுவார் மேடம், கவலைப்படாதீங்க. அப்பாவுக்கு ஷிஃப்ட்டு, எனக்கு ஸ்கூல். வீட்டுல யார் இருக்கா? இந்தப் பேப்பர்ல எங்களுக்கும் ஒரு காப்பி வேணும்னு நான் கேக்காம இருந்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். எல்லாம் என் வாய்.

சரி, முதல்ல ஒரு கதை. எங்க ஸ்கூல்ல நான் பண்ணது. ஹெச்.எம். ரூமுக்குப் பக்கத்து ரூம்லதான் மைக் இருக்கும். ஒரு நாள் மூணாவது பீரியட், உள்ள புகுந்து ஹெச்.எம். குரல்ல ஒரு அறிவிப்பு. அன்பான மாணவிகளே, குடிநீர்க் குழாய் பழுதாகிவிட்ட காரணத்தால் இன்று மதியம் விடுமுறை, வரிசை கலையாமல் செல்லவும். அந்த வரிசை கலையாமல்ங்கிறதுதான் முத்திரை. அது இல்லாம அவங்க மூச்சு கூட விட மாட்டாங்க. எண்ணூறு பேர் மேடம். வரிசை கலையாம வீட்டுக்குப் போயிட்டாங்க.

இருங்க, இது இல்ல சிரிப்பு. ஹெச்.எம். அப்ப தன்னோட ரூம்லதான் உக்காந்திருக்காங்க. ஸ்பீக்கர்ல அவங்க குரல் அவங்களுக்கே கேக்குது. கிளார்க்கைக் கூப்பிட்டு, யாருய்யா அது மைக்ல, குரல் ஒரே கீச்சுக் கீச்சுன்னு இருக்கேன்னு கேட்டிருக்காங்க.

சிரிச்சுட்டீங்க! ஆனா நிஜமாவே அப்படித்தான் மேடம். ஊர்க் குரல் எல்லாம் தெரியும், சொந்தக் குரல் மட்டும் யாருக்கும் தெரியாது. பத்து நாள் சஸ்பென்ட் ஆனதுல நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்.

இப்ப நாம ஒரு விளையாட்டு வச்சுக்கலாம். நான் குரல் குடுப்பேன். அது யாருன்னு நீங்க சொல்லணும். நான் பேர் சொல்ல மாட்டேன், சரியா தப்பான்னும் சொல்ல மாட்டேன். தோணினதை டக்குனு சொல்லணும், யோசிச்சா அவுட். எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சவங்கதான். உங்க ஹோம் ஆளுங்கதான். அப்பா, நீங்க ஆட்டத்துல இல்ல. நீங்க மீனைப் பாருங்க.

முதல் குரல். பொம்பளைக் குரல், நடுவுல நடுவுல தொண்டையைச் செருமும்.

தட்டு. தட்டு. க்ஹ்ம். தட்டை நீட்டு. ரெண்டாம் தடவை கேக்காதே, இருந்தா போட மாட்டேனா? க்ஹ்ம். நக்கினது போதும், எழுந்திரு. அடுத்தவன்.

அடேயப்பா, நான் முடிக்கவே இல்ல! சமையல் அக்கா. அவ்வளவு சுலபமா இருந்துச்சா? அந்த க்ஹ்ம் தான் காட்டிக் குடுத்துடுச்சு, என்ன? பத்து வருஷமா இருமுறாங்களா, பாவம். இல்ல இல்ல, நான் தப்பா நினைக்கல. முப்பது பேருக்குச் சமைக்கணும், கத்தத்தான் செய்வாங்க. மனசு தங்கம்ங்கிறீங்க. இருக்கட்டும் மேடம். ஒண்ணுக்கு ஒண்ணு. நீங்க கெட்டி.

ரெண்டாவது. ஆம்பளை. வாயில எதையோ மென்னுக்கிட்டே பேசுவார்.

ஏறு ஏறு ஏறு ஏறு. ஏய் ஜன்னல் மகாராஜா, கையை உள்ள வை. எல்லாரும் ஏறியாச்சா? ரைட். டொர்ர்ர்ர். பார்க் வந்தாச்சு. மரம் பார்த்தாச்சு. ஊஞ்சல் ஆடியாச்சு. டொர்ர்ர்ர். திரும்பி வந்தாச்சு, இறங்கு இறங்கு இறங்கு. அக்கா, பார்க் போனோம்னு நோட்டுல எழுதிக்கோ.

வேன் டிரைவர்! மேடம், சத்தமா சிரிச்சுட்டீங்க, உள்ள இருக்கிறவங்க எல்லாம் பயந்துடப் போறாங்க. அந்த ஜன்னல் மகாராஜாதான் மாட்டி விட்டுச்சா? எல்லாருக்கும் ஒரு பட்டம் வைப்பாரா? ஆள் தமாஷ்தான். என்னது, வண்டி கேட்டைத் தாண்டலையேன்னா? நான் எதுவும் கேக்கலையே மேடம். டீசல் இல்லாத நாள்ல சும்மா பசங்களைக் குஷிப்படுத்த அப்படி ஒரு விளையாட்டா? ஓ. நல்ல ஐடியாதான். அதோ சுவத்துல சார்ட்ல கூட போட்டிருக்கே, புதன்கிழமை பார்க், வெள்ளிக்கிழமை தோட்ட வேலை. கீழ கை அச்செல்லாம் பெயிண்ட்ல பதிச்சிருக்கீங்க. முதல் தடவை வந்தப்பவே பார்த்தேன். ரெண்டு வருஷமா அதே கை. ஒட்டின டேப்தான் மஞ்சளாயிடுச்சு.

எங்களுக்கு வேற என்ன வேலை? மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை, அரை மணி நேரம், இதே சோபா. பிளாஸ்டிக் கவரைக் கூட நீங்க இன்னும் கழட்டல, நகர்ந்தா சத்தம் வரும், அதனால அப்பா அசைய மாட்டார். அண்ணனைக் கூட்டிட்டு வருவீங்க. தலை சீவி, நீல முழுக்கை சட்டை போட்டு, ரெண்டு மணிக்கட்டுலயும் பட்டன் போட்டு. வீட்டுல அவன் முழுக்கையே போட மாட்டான் தெரியுமா? மணிக்கட்டுல துணி உரசினா ஆகாது, கத்திரிக்கோலைத் தேடி எடுத்து வெட்டிடுவான். அம்மா அவனுக்கு எடுத்ததெல்லாம் அரைக்கைதான். இங்க வந்ததும் போட்டுக்கிட்டான். பழக்கிட்டோம்னு சொன்னீங்க. அப்பாவுக்கு அன்னிக்கு ரொம்ப சந்தோஷம்.

சரி, ஆட்டத்தை விட்டுட்டுப் பேசிக்கிட்டே போறேன். மூணாவது. கொஞ்சம் கஷ்டம். டீச்சர் மாதிரி இழுத்து இழுத்துப் பேசுற அம்மா.

வரிசையா நில்லு. வரிசைஐஐ. எல்லாத்தையும் கழட்டு. கண்ணை மூடு. ஒண்ணு, ரெண்டு, மூணு, புஸ்ஸ்ஸ். குளிருதா? குழாயைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேனே, எனக்கு மட்டும் குளிராதா? திரும்பு. புஸ்ஸ்ஸ். அழாதே, அழுதா மறுபடி முதல்லேர்ந்து.

குளியல் அம்மா. இதையும் சொல்லிட்டீங்க! பேரே குளியல் அம்மாதானா? பசங்க வச்ச பேரா, நீங்க வச்ச பேரா? கொஞ்சம் கண்டிப்பு, ஆனா சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். ஆமா மேடம், தெரியுது.

அப்பா, ஏன் இப்படிப் பார்க்குறீங்க? நீங்க ஆட்டத்துல இல்லைன்னு சொன்னேன்ல? மீன், மீன்.

நாலாவது. இதுக்கு நீங்க கொஞ்சம் கிட்ட வரணும், அவர் மெதுவாத்தான் பேசுவார். கோவமே வராது. தூக்கத்துல பேசுற மாதிரி.

கத்தினா ரூம். சிரிச்சாலும் ரூம். கையை உதறினா ரூம். போ ராஜா. உள்ள போ. மூலையில உக்காரு, அது உன் மூலை. டக். மணி அடிச்சதும் திறக்குறேன். எந்த மணின்னு உனக்குத் தெரியாதுல்ல? அதான் நல்லது, எனக்கும் தெரியாது.

சாவிக்காரரா? சாவிக்காரர்னா யாரு? ஓ, இடுப்புல சாவிக்கொத்து கட்டியிருப்பார், அதனால சாவிக்காரர். அந்த டக்கு சத்தத்தை வச்சே கண்டுபுடிச்சுட்டீங்களே, பெரிய ஆள்தான் மேடம். நடுவுல ஒரு கிர்ர்னு வருமே, துரு பிடிச்ச தாழ்ப்பாளா? எண்ணெய் போடச் சொல்லிச் சொல்லி உங்களுக்கே அலுத்துப் போச்சா. ம். பழைய தாழ்ப்பாள்னா அப்படித்தான்.

இல்லயே, நான் எதுவும் சொல்லலையே. முதல் தடவைன்னு பேப்பர்ல போட்டிருக்குன்னுதான் நினைச்சுக்கிட்டேன். ஸ்டோர் ரூம் தாழ்ப்பாளா? சரி மேடம். ஸ்டோர் ரூம்.

கடைசிக் குரல். இதைச் சொல்லிட்டீங்கன்னா நீங்கதான் சாம்பியன். நடுத்தர வயசு, பொம்பளை, சுறுசுறுப்பு.

சனிக்கிழமையே முழுக்கையை எடுத்து வச்சுடு. நாளைக்கு வீட்டுக்காரங்க வர்றாங்க. ரெண்டு பட்டனும் போடு, கை தெரியக் கூடாது. காலையில மருந்து ஒரு மூடி சேர்த்துக் குடு, அரை மணி நேரம் தூங்கி வழிஞ்சா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது.

தெரியலையா? யோசிங்க. புது அட்டெண்டரா? இல்ல. நர்ஸா? இல்ல மேடம். என்ன, நாலும் டக்கு டக்குனு சொல்லிட்டு இதுல போய் மாட்டிக்கிட்டீங்க. உங்க ஹோம்ல இப்படிப் பேசுறவங்க யாருமே கிடையாதா? உங்க ஹோம்தான் மேடம், நிச்சயமா. க்ளூ தர்றேன். தராம எங்க போகப் போறேன்? ஜெராக்ஸும் வரல. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு சின்னக் கதை, அதுக்குள்ள க்ளூ இருக்கு.

இந்த மிமிக்ரி எனக்குச் சொந்த வித்தை இல்ல. எனக்கு வாத்தியார் எங்க அண்ணன். ஆமா மேடம், உங்க பேப்பர்ல பொருளற்ற பேச்சுன்னு போட்டிருக்கீங்களே, அவனேதான். அவனுக்குத் தானா ஒரு வாக்கியம் கட்ட வராது. பசிச்சா பசிக்குதுன்னு சொல்லத் தெரியாது, அம்மா குரல்ல, வாங்க வாங்க சூடா இருக்கும்போதே சாப்பிடுங்கன்னு சொல்லுவான். அப்ப அவனுக்குப் பசின்னு அர்த்தம். தலை வலிச்சா எங்க தெரு டாக்டர் குரல், எங்கே வலிக்குது, இங்கேயா, இங்கேயான்னு. வீட்டுல ரெண்டு பேரும் போர்வைக்குள்ள புகுந்துக்கிட்டு அவன் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொல்லுவேன். நான் தப்பாச் சொன்னா என் வாயைப் பொத்திட்டு மறுபடி சொல்லிக் காட்டுவான். அவ்வளவு கறார்.

ஒரு நாள் மத்தியானம் அம்மா குளிச்சுக்கிட்டு இருக்காங்க. அப்பா திருட்டுத்தனமா ஃப்ரிட்ஜைத் திறந்து, சர்க்கரை வேற அவருக்கு, இனிப்பு டப்பாவுல கை வைக்கிறார். பின்னாடியிருந்து அம்மா குரல். என்னங்க அங்க எலி சத்தம்? அப்பா டப்பாவைக் கீழ போட்டுட்டார். பார்த்தா அம்மா குளியலறையில, அண்ணன் கதவுக்குப் பின்னாடி. நாங்க அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு, மேடம். அப்பா கூட. சிரிச்சீங்கதானே அப்பா?

அம்மா போயி நாப்பது நாள் ஆகியிருக்கும். சாயங்காலம். மூணு பேரும் ஹால்ல உக்காந்திருக்கோம். அம்மா குரல்ல, ஏங்க, கதவைச் சாத்துங்க, கொசு வருது. அப்பா எழுந்து போயி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அப்புறம் அங்கேயே கதவைப் பார்த்துக்கிட்டு நின்னார். அடுத்த வாரம் உங்க ஹோம் ஃபாரம் வாங்கிட்டு வந்தார். நான் அவரைக் குறை சொல்லல. போனவங்க குரல் தினமும் சாப்பிடக் கூப்பிட்டா யாராலதான் தாங்க முடியும்? ஆனா எனக்கு அம்மா குரல் இருந்த இடம் அது ஒண்ணுதான் மேடம். எனக்கு அம்மா குரல் வராது. எல்லார் குரலும் வரும், அது வராது. அதை அவன்கிட்டயே விட்டு வச்சிருந்தேன்.

நாலு மாசம் முன்னாடி சொந்தத்துல ஒரு கல்யாணம்னு அண்ணனை நாலு நாள் வீட்டுக்கு அனுப்பினீங்களே, ஞாபகம் இருக்கா? அந்த நாலு நாளும் அவன் வாய் ஓயல. அம்மாவே இல்ல அதுல. வேற யார் யாரோ. அப்பா டிவி சத்தத்தை ஏத்தி வச்சுட்டார். நான் போர்வையை எடுத்துட்டுப் போயி அவன் பக்கத்துல உக்காந்தேன். பழைய மாதிரியே, அவன் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். தப்பாச் சொன்னா வாயைப் பொத்தினான். கை நீட்டினப்ப மணிக்கட்டுல சுத்தி ஒரு பட்டை தெரிஞ்சுது, வளையல் போட்ட மாதிரி. அது சட்டைப் பட்டனோட தடம்னு அப்பா சொன்னார். திரும்பி வந்து விட்டோம். அடுத்த ஞாயித்துக்கிழமை அவன் பேசல. அதுக்கடுத்த மாசமும் இல்ல. மருந்து அளவு மாத்தியிருக்கோம், அமைதியாயிட்டான்னு சொன்னீங்க. மூணு மாசமா அவன் யார் குரலும் பேசல மேடம். எனக்கு அழுகை வரும்னு பார்த்தேன். வரல.

எதுக்குச் சொல்ல வந்தேன்? ஆங். அவன் ஒரு வார்த்தை கூட்ட மாட்டான், ஒரு வார்த்தை குறைக்க மாட்டான். அவனுக்குப் பொய் சொல்ற வசதியே கிடையாது. கேட்டது கேட்டபடி. செருமல் இருந்தா செருமலோட. தாழ்ப்பாள்ல துரு இருந்தா துருவோட.

இப்ப அந்த அஞ்சாவது குரலுக்கு க்ளூ. அதே ஆள்தான், அதே மூச்சுல, போனை எடுத்ததும்.

வணக்கம் சார்! தம்பிக்கு என்ன சார், ராஜா மாதிரி இருக்கார்! நல்லா சாப்பிட்டார், நல்லா தூங்கினார், புதன்கிழமை பார்க் போனார்!

அப்பா, இப்ப நீங்க சொல்லலாம். யார் குரல்?

மேடம்?

ஏன் எழுந்துட்டீங்க? வாட்ச்மேன்தான், ஜெராக்ஸ் கொண்டு வந்திருக்கார். வாங்கண்ணா, மேஜை மேல வையுங்க. ஒரு காப்பி கேட்டது வீண் போகல, பத்து நிமிஷம் கிடைச்சுது.

என்ன கேட்டீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க, அப்பாவுக்குக் கேக்கல.

ஆங். அவங்களையெல்லாம் நீ எங்க பார்த்தே.

இதை நீங்க முதல் குரல்லயே கேட்டிருக்கணும் மேடம். நான் பார்த்ததே இல்ல. இந்த சோபாவைத் தாண்டி ரெண்டு வருஷத்துல நீங்க எங்களை ஒரு அடி உள்ள விட்டதில்லையே. சமையல் அக்கா, வேன் டிரைவர், குளியல் அம்மா, சாவிக்காரர், இவங்க பேரெல்லாம் எனக்கு இன்னிக்கு நீங்க சொல்லித்தான் தெரியும். நான் அவங்களை மிமிக்ரி பண்ணல. எங்க அண்ணனைத்தான் பண்ணேன்.

சிரிப்பு வரும்னு சொன்னேன். வரல. எனக்கும் வரல.

அப்பா, பேனாவை மூடுங்க.